இடது மூலை

பிரின் ஹால்வர்சனுக்கு இந்த வருடம் என்னென்ன வேண்டும் என்று
டுலூத்தில் எல்லோரிடமும் ஒரு பட்டியல் இருக்கிறது.
இரண்டாம் வருடம், கார்ட், ஐந்தடி ஏழு அங்குலம்.
பேக்கரிக்காரர் எட்டுக் கிலோ சதை என்கிறார்,
பன்னைக் காகிதப் பையில் போட்டபடி.
பயிற்சியாளர் குஸ்டாஃப்சன் இடதுகை என்கிறார்.
வானொலியில் வர்ணிக்கிறவனுக்கு
மூன்று புள்ளி வீச்சில் நூற்றுக்கு முப்பத்தெட்டு.
அவள் அப்பா, ஹிப்பிங்கில் சுரங்க லாரி ஓட்டுகிறவர்,
"தூக்கம்" என்று மட்டும் சொன்னாராம் போனில்.

என்னிடம் யாரும் கேட்கவில்லை.
நான் கூடைக்கு அடியில் நின்று பந்து பொறுக்குகிறேன்.

ஆகஸ்ட். காலை ஐந்தரை.
கீழே ஏரி இன்னும் இருட்டைப் போர்த்திக் கிடக்கிறது.
தாது ஏற்ற வரும் கப்பலுக்காக
பாலம் முனகிக்கொண்டே மேலெழுகிறது.
அரங்கில் பாதி விளக்குதான், மீதிக்குக் காசில்லை.
வலதுகையைக் கால்சட்டை நாடாவில் செருகிக்கொண்டு
இடதுகையால் தட்டுகிறாள்.
பந்து அவள் பாதத்தில் பட்டு, சுவரில் பட்டு,
பட்டை போட்ட என் முழங்காலில் வந்து இடிக்கிறது.
ஒவ்வொரு முறையும் "ஸாரி".
முந்நூறு ஸாரிக்குப் பிறகு எண்ணுவதை விட்டேன்.

போன வருடம் அவளுக்கு ஆட்டத்துக்கு ஒன்பது நிமிடம்.
ஒன்பதுக்குள் மூன்று தடவை பந்தைப் பறிகொடுப்பாள்.
வீடு பற்றி எரியும்போது
தலையணையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவள் மாதிரி ஆடுவாள்.
எங்கே சிக்கினாலும் ஒரே வழி:
பார்க்காமலே இடது மூலைக்கு எறிவாள்.
அவள் உள்ளே வந்தால் நான் அங்கே ஒதுங்கியிருப்பேன்.

மிச்ச முப்பத்தொரு நிமிடமும்
பந்து என் கையில்.

பிப்ரவரியில், ஃபார்கோவில், யாரும் தொடாமலே
என் முழங்கால் ஒரு சத்தம் போட்டது,
பச்சைக் கேரட்டை ஒடித்த மாதிரி.
ஒரு கார்ட் கிளம்பி எழ என்ன வேண்டும் என்று
எழுதுகிறவர்கள் இதை எழுதுவதில்லை:
ஒரு காலியிடம் வேண்டும்.
யாரோ ஒருத்தியின் ஸ்கேன் படம்
டாக்டரின் விளக்குப் பெட்டியில் தொங்கவேண்டும்.

அவளுக்கும் தெரியும்.
ஒருநாள் தண்ணீர் குடித்துக்கொண்டே ஆரம்பித்தாள்,
"உன் நிமிடத்தையெல்லாம் நான்..."
முடிக்கவில்லை.
"இடதுகையில் இன்னும் ஐம்பது" என்றேன்.
அன்று நான் திருப்பிக் கொடுத்த பந்துகள்
தேவைக்கு மேல் பலமாகப் போயின. நெஞ்சுக்கு நேராக.
வேண்டுமென்றுதான்.
அவள் ஒன்றையும் தவறவிடவில்லை.

நவம்பர். முதல் ஆட்டம். வெளியே குறுக்குவாட்டில் பனி.
அறுநூறு பேர், பாப்கார்ன் வாசனை,
சுருதி தப்பிய ஒரு டிராம்போன்.
பெஞ்சின் கடைசியில் நான், மடியில் கணக்குத் தாள்.
நாலாவது நிமிடம் இரண்டு பேர் அவளை
எல்லைக்கோட்டோடு மடக்கினார்கள்.
பார்க்காமலே எறிந்தாள்,
இடது மூலைக்கு.

அங்கே யாருமில்லை.
பந்து ஒரு தரம் எகிறி
வீடு தெரிந்த நாய் மாதிரி
நேராக என் மடிக்கு வந்தது.

விசில். அறுநூறு பேரின் "அடடா".
அவள் என்னைப் பார்த்தாள். நான் தாளைப் பார்த்தேன்.
பந்து இழப்பு என்ற கட்டத்தில் ஒரு கோடு,
அழுத்தியதில் அடித்தாள் வரை பதிந்தது.

அடுத்த முறையும் அதே இருவர், அதே கோடு.
அவள் நின்றாள்.
சும்மா பந்தைத் தட்டிக்கொண்டு,
பஸ் வர இன்னும் நேரமிருக்கிறது என்பது போல.
மடக்க வந்தவளில் ஒருத்தி
என்ன செய்வதென்று தெரியாமல் குதிகாலில் சாய்ந்தாள்.
இடதுகை. இருவருக்கும் நடுவே, தோளைச் சாய்த்து, உள்ளே.
பந்து வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு
வெளியே விழுந்தது.

குஸ்டாஃப்சன் தலையில் கைவைத்தார்.
தவறிய வீச்சு, ஒன்று: எழுதினேன்.
நின்றதற்குத் தாளில் கட்டமில்லை.
ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன்.
இப்படியே மார்ச் வரை வைக்க
ஓரம் போதுமா என்று தாளைத் திருப்பிப் பார்த்தேன்.
பின்பக்கம் முழுக்க வெள்ளையாக இருந்தது.