மூன்று ரிம்முக்குக் காசு

கினிகத்தேனை வளைவுகளில்
பிரேக் கரிந்து கொட்டிய தூள்
ரிம்மோடு ரிம்மாய் வெந்துபோயிருக்கிறது.
சவர்க்காரம் தோற்று, டீசலும் தோற்று,
ஆரக்கால் இடுக்கில் பல்துலக்கும் பிரஷ்
மயிர் உதிர்த்துக் கிடக்கிறது.

"எந்தக் கசாப்புக்காரன் அடிச்சானோ அக்கா,
வெங்காயம் மாதிரி உரியுது"
என்கிறான் கிங்ஸ்லி.
கல்யாண ஹயர் ஓடுகிற வேன்.
யாரிடமோ வாங்கி ஏழு மாதம்.
சிவப்பு வேண்டாம்,
மயில்கழுத்து நிறம் வேண்டும்,
வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்.

ஹட்டனில் வெள்ளிக்கிழமை என்பது
வானம் சொல்லவேண்டிய சங்கதி, என்றேன்.
சிரித்தான்.
ஆடி மூடுபனி அவனுக்குத் தெரியாததா?
ஆனால் அது
ஷட்டருக்குக் கீழால் குனிந்து வந்து
ஈரப் பெயின்ட்டின் மேல் மூச்சுவிடுவதையும்
மினுக்கம் பால் திரிந்தாற்போல் வெளிறுவதையும்
அவன் பார்த்ததில்லை.

டயரைக் கழற்றித்தான் அடிப்பேன் இப்போதெல்லாம்.
முன்பு டயரோடுதான்.
விளிம்புக்கும் ரப்பருக்கும் நடுவே
சுற்றிவரச் சீட்டுகளைச் செருகிவிட்டால்
ரப்பரில் ஒரு சொட்டுப் படாது.
ஓட்டோ ஸ்டேண்டில் முந்நூற்று நாலு ஆடுகிறவர்கள்
இரண்டு முதல் ஆறு வரை ஒதுக்கிவிடுவார்கள்,
அவையெல்லாம் எனக்கு வரும்.
தோற்ற சீட்டுகள் அல்ல,
ஆட்டத்துக்கே கூப்பிடப்படாதவை.

நூற்றெண்பது, முந்நூற்றிருபது, நானூறு.
அரத்தாளின் இலக்கம் ஏற ஏற
கையின் கோபம் இறங்கவேண்டும்.
சிவப்பு செதில் செதிலாய்ப் போகிறது.
அதற்கடியில் ப்ரைமர் இல்லை.
வெறும் அலுமினியத்தில்
வெள்ளைப் பூஞ்சணம்போல் அரிப்பு.
கசாப்புக்காரன்தான், நானும் சொன்னேன்,
மூன்று ரிம் முடியும்வரை
சொல்லிக்கொண்டே தேய்த்தேன்.

நாலாவதன் உதட்டில்,
டயர் கடித்துக்கொண்டிருந்த இடத்தில்,
ஏதோ ஒட்டியிருந்தது.
நகத்தால் கிளப்பினேன்.
பாதிச் சீட்டு. டயமன் நாலு.
பின்பக்கம் நீலப் பேனாவில்:
ஏப்ரல் ஒன்பது. ஒரு கோட். போதும்.

போதும் என்பதன் கடைசி மகரத்தை
இப்படி வால் இழுத்து எழுத
இந்த டிக்கோயா ரோட்டில்
இன்னொருத்தி இல்லை.

நுவரெலியா சீசன் அது.
கொழும்பு வாகனங்கள் கேட் வரை நின்றன,
ஒரே நாளில் பதினொன்று.
ப்ரைமர் முடிந்து ஹாட்வெயாரும் பூட்டு.
சீசன் முடியுமட்டும் தாங்கும் என்றிருப்பேன்.
தாங்கியது.
சொன்ன நாளுக்கு ஒரு நாள் கூடத் தாங்கவில்லை போலும்.

சீட்டு சேட்டைப் பையில் இருந்தது
மாலை கிங்ஸ்லி மாலுபணிஸ் கொண்டுவந்தபோது.
சொல்ல வாய் திறந்தேன்.
மாலுபணிஸ் போனது உள்ளே.

வெள்ளிக்கிழமை தரமாட்டேன் என்றதற்கு
அவன் பேசிய பேச்சு பேச்சல்ல.
பாயிஸ் நானாவின் டயர் கடையில்
நாலு இரும்பு ரிம் இரவல் வாங்கி
மாப்பிள்ளையை ஏற்றிப் போனான்.

இங்கே, இரண்டு ஹலஜன் விளக்கை முகம் பார்க்க வைத்து,
பிடிமான ப்ரைமர் ஒன்று, நிரப்பும் ப்ரைமர் ஒன்று,
தண்ணீர் வைத்து எண்ணூறு,
நிறம் மூன்று மெல்லிசாய்,
ஒன்று தொட்டுப் பார்க்கக் காயும்வரை
மற்றதற்கு அவசரமில்லாமல்.
நடுவில் கரண்ட் போய்
மூன்று மணித்தியாலம் ரிம்களோடு
இருட்டில் உட்கார்ந்திருந்தேன்.
பிறகு ஹாட்னர் கலந்த லேக்கர், இரண்டு கை.
நட்டு கடிக்கும் குழியில் மட்டும்
கிரீஸ் தடவி மறைத்தேன்:
அங்கே இரும்பு அலுமினியத்தைப் பிடிக்கவேண்டும்,
அழகுக்கு அங்கே வேலையில்லை.

அடுத்த வியாழன் வந்தான்.
கோபம் மயில்கழுத்தைக் கண்டு
பாதி வழியில் நின்றுவிட்டது.
பில்லைப் பார்த்தான்.
"மூனுக்குத்தானே போட்டிருக்கு, நாலாச்சே?"
ஒன்றுக்கு முன்னமே வாங்கிட்டேன், என்றேன்.
"நான் அட்வான்ஸே தரலியே அக்கா."

ஐம்பது கிலோமீட்டர் ஓடினதும்
நட்டை இன்னொருக்கா இறுக்கு.
ஒரு மாதத்துக்கு அசிட் போட்டுக் கழுவாதே.
போ, பின்னால பஸ் நிக்குது.