ஏழாவது வரி

பிப்ரவரி. ஷெர்புரூக்கில்
மாகோக் ஆறு மேலே கல், அடியில் ஓட்டம்.
மூன்றாம் மாடி ஆய்வகத்தில்
ஒடில் த்ராம்ப்ளே குல்லாயைக் கழற்றவில்லை;
ஹீட்டர் நேற்றே கைவிரித்துவிட்டது.

திரையில் ஒரு பாக்டீரியா முழுவதும்,
நாற்பத்தாறு லட்சம் எழுத்தாக.
மரபணுக்கள் நீல அம்புகள்.
அம்புக்கும் அம்புக்கும் நடுவே வெள்ளை,
பெயரிட வந்தவர்கள் தாண்டிப்போன இடம்.

அந்த வெள்ளையில் ஒரு மேடு.
செங்குத்தாய் ஏறி
தட்டையாய் நின்று
செங்குத்தாய் இறங்குகிறது.
தொண்ணூற்றோர் எழுத்து,
பன்னிரண்டாயிரம் பிரதி.

"குப்பை" என்றான் ரெழான், கணினிக்காரன்,
வாயில் பாதி சாண்ட்விச்சோடு.
"எதுவோ உடைந்த துண்டு. வடிகட்டிவிடு."

உடைவதற்கு ஒழுங்கு ஏது?
இது ஒவ்வொரு முறையும்
ஒரே எழுத்தில் தொடங்குகிறது.

பழைய கோப்புகளில் தேடினாள். இல்லை.
இருக்காது.
அப்போது வாங்கிய ஆர்என்ஏ பெட்டியின் குழாயில்
இருநூறு எழுத்துக்கு மேற்பட்டவை ஒட்டிக்கொள்ளும்,
சின்னவை வடியும்.
வடிந்ததைக் கழிவுக் குடுவையில் ஊற்றவும் என்பது
செய்முறைத் தாளில் ஏழாவது வரி.
மூன்று வருடம் அந்த வரிக்கு
அவள் ஒழுங்காகக் கீழ்ப்படிந்திருந்தாள்.

வெள்ளி இரவு ஜெல் ஓட்டினாள்.
இரும்பு நிறைந்த குழம்பில் வளர்ந்தவற்றில்
ஒன்றுமில்லை.
இரும்பைப் பிடுங்கிய குழம்பில்
ஐந்தாம் நிமிடம் மூச்சுப் பட்ட கண்ணாடிபோல் ஒரு மங்கல்,
பத்தாம் நிமிடம் கரிக்கோடு.

புரதம் எதையும் அது செய்வதில்லை.
இரும்பு கேட்கும் புரதத்தின் செய்தியைத் தேடிப்போய்
ரைபோசோம் உட்காரும் இடத்தில்
தான் படுத்துக்கொள்கிறது.
பிறகு செய்தியோடு சேர்ந்து
தானும் சிதைகிறது.

இதை எழுதுகிற எனக்கு
ககரத்தின் தலையில் வைக்கும் புள்ளி ஞாபகம் வருகிறது.
அதற்கென்று ஓசை இல்லை.
வைத்ததும் அகரம் போய்விடும், அவ்வளவுதான் அதன் வேலை.
ஓலை கிழியுமென்று
அதையும் வைக்காமல் விட்டார்கள் ஒரு காலம்;
படிக்கிறவர் இடம் பார்த்து
நாக்கை நிறுத்திக்கொண்டார்.

அந்தத் தொண்ணூற்றோர் எழுத்தையும் வெட்டியெடுத்த பாக்டீரியா
மூன்று நாள் செழிப்பாகவே வளர்ந்தது.
ரெழான் புருவத்தை உயர்த்தினான்.
நான்காம் நாள் ஒடில் இரும்பை எடுத்தாள்.
ஐந்தாம் நாள் குடுவை கலங்கவே இல்லை,
குடிதண்ணீர்போல் தெளிந்து நின்றது.
புருவம் இறங்கியது.

அவன் ஒன்றும் பேசாமல் போய்
வடிகட்டியின் எல்லையைத் தளர்த்தினான்.
இன்னும் நாற்பத்திரண்டு மேடுகள்.
பாதி குப்பையாகவே இருக்கலாம்.
எந்தப் பாதி என்று
வெள்ளை சொல்லாது.

படிவத்தில் 'பணி' என்றொரு கட்டம்.
'மறுத்தல்' என்று எழுதி
அடித்துவிட்டு
வெறுமையாக விட்டாள்.

செவ்வாய்க்கிழமை கழிவு வண்டி வந்தது.
மஞ்சள் மூடிக் குடுவையைக் கொடுக்கும்போது
அவள் விரல்கள் விடவில்லை.
"கனமா?" என்றான் வண்டிக்காரன்,
தாடியில் பனி.
"தெரியாது" என்றாள்.
எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.
கையெழுத்திட்டாள்.