பத்து மணி வரைக்கும்

வைகாசி மழைக்குள்
புறக்கோட்டையிலிருந்து ஓட்டோவில்
மடியில் இருத்திக் கொண்டுவந்தேன்.
வெள்ளவத்தையில் லிப்ட் பழுது.
மூன்று மாடி.
ஒவ்வொரு திருப்பத்திலும் இறக்கி வைத்து
மூச்சு வாங்கினோம்,
நானும் பெட்டியும்.

கையேட்டில் ஆறு மொழி.
தமிழில்லை, சிங்களமுமில்லை.
படங்களைப் பார்த்தேன்:
ஒரு கை, ஒரு நூல், இலக்கமிட்ட அம்புகள்.
மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில்
அந்தக் கைக்குத் தெரிந்த ஏதோ ஒன்றை
என் கைக்கு யாரும் சொல்லவில்லை.

முதலில் தலையணை உறை.
நாலு பக்கமும் நேராய் அடித்து முடித்த பிறகு
தலையணையைக் கையில் வைத்துக்கொண்டு
வாசல் தேடினேன்.

பிறகு திரைச்சீலை.
கடல் பக்கத்து யன்னல்,
உப்புக்காற்று பழையதைத் தின்றுவிட்டது.
அளந்தேன்.
மடிப்புக்கு விட மறந்தேன்.
நாலு விரல் கட்டை.
பின்னேரம் ஐந்தரைக்கு
அந்த நாலு விரல் இடைவெளியால் வெயில் நுழைந்து
பிரிட்ஜுக்குக் கீழே
தை மாதம் தொலைந்த தோட்டுச் சுரையைக்
காட்டித் தந்தது.
திரைச்சீலையை அப்படியே விட்டுவிட்டேன்.

மேலே பார்த்தால் எறும்பு வரிசை,
துணியைத் திருப்பினால் காகக் கூடு.
கீழ்நூல்தான் குழப்படி என்று
பொபினைக் கழற்றினேன், ஊதினேன், ஏசினேன்.
இறுக்கத்தை மூன்றில் வைத்தேன், ஐந்தில் வைத்தேன்,
கோபத்தில் ஒன்பதிலும் வைத்தேன்.
கடைசியில் கடைக்குப் போன் எடுக்க
பெடியன் ஒன்றே ஒன்று கேட்டான்:
“அக்கா, நூல் கோர்க்கேக்க பாதம் மேலயா, கீழயா?”
கீழே.
“தூக்கிவிட்டுக் கோருங்கோ.”
பிழை மேலே இருந்திருக்கிறது.
மூன்று நாளாய் நான்
கீழே இருந்தவனோடு சண்டை.

மிதிக்கு மட்டும் ஒன்றையும் மறைக்க முடியாது.
மனேஜர் எல்லோர் முன்னாலும் பேசிய அன்று
குசினித் துணியின் கரை ஓடிய ஓட்டத்தில்
குண்டூசி மேல் ஏறி
ஊசி முறிந்து தெறித்தது,
என் மூக்குக் கண்ணாடியில்.
நாற்பது வயது வந்ததற்கு
முதல்முறையாய் நன்றி சொன்னேன்.

அன்றிரவுதான் கீழ்வீட்டு முபாரிஸ் நானா
கதவைத் தட்டினார்.
“என்ன தங்கச்சி,
ராவைக்கு மா இடிக்கிறீங்களா?”
விலகி நின்று காட்டினேன்.
பார்த்தார். ஒன்றும் பேசாமல் இறங்கிப் போனார்.
நான் துவாயை நாலாய் மடித்து
மெசினுக்குக் கீழே வைத்தேன்.

அடுத்த நாள் மறுபடியும் தட்டல்.
கையில் இரண்டு சாரம்,
லேபல் கூடக் கிழிக்கவில்லை.
“பெருநாளைக்கு. டெய்லர் கடையில சனம்.
மூட்டித் தருவீங்களா?”

சாரம் என்பது ஒரு நேர்கோடு.
அப்படித்தான் நினைத்தேன்.
ஆனால் இது கட்டம் போட்ட சாரம்,
பச்சைக்குப் பச்சை பொருந்த வேண்டும்,
வெள்ளைக் கோடு வெள்ளைக் கோட்டைப் பிடிக்க வேண்டும்.
ஊசிக்கு ஊசி, கையால் சில்லைச் சுற்றிப் போனேன்.
பாணந்துறை ரயில் வர மேசை நடுங்கும்.
ஊசியைத் துணிக்குள் இறக்கிவிட்டுக்
கடைசிப் பெட்டி போகும்வரை
காத்திருந்தோம்.

“எவ்வளவு?”
காசு வேண்டாம் நானா,
பத்து மணி வரைக்கும் அடிக்க விடுங்கோ.
மூட்டிய இடத்தை வெளிச்சத்தில் பிடித்துத்
தேடினார். கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரமாயிற்று.
“ஒன்பதரை.”
பத்து.
“வெள்ளிக்கிழமை மட்டும் பத்து.”

இன்று வெள்ளி.
மெசினுக்கே ஒரு உறை தைக்கிறேன்,
மிஞ்சிய திரைச்சீலையில்.
இந்த முறை ஒரு பக்கம் கவனமாய்த் திறந்து விட்டேன்.
போட்டுப் பார்த்தேன், அச்சாவாய் இருந்தது.
தூக்கப் போனேன்.
கைபிடி உள்ளே.

கத்தரிக்கோல் எங்கே என்று தேடும்போது
கீழேயிருந்து சீலிங்கில்
தும்புத்தடி
ஒரே ஒரு தட்டு.