முப்பது வினாடி சும்மா

மார்சேயில் யாரும் வாயால்
தெரியாது என்று சொல்வதில்லை.
இரண்டு தோளையும் காதுமட்டும் ஏற்றி
இறக்குவார்கள். முடிந்தது.
மீன் ஏன் இந்த விலை,
அரசு ஏன் கவிழ்ந்தது,
மகன் ஏன் போன் செய்வதில்லை,
எல்லாவற்றுக்கும் அதே தோள்,
கடைசிக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் மெதுவாக.

ஹுகெத், எண்பத்து மூன்றாம் எண் பேருந்தைக்
கடலோரச் சாலையில் பத்தொன்பது வருடம் ஓட்டியவள்.
ஒரு ஜூலை ஞாயிறு, பாறையிலிருந்து தலைகீழாகப் பாய்ந்தாள்.
நூறு தடவை பாய்ந்த இடம்தான்.
கழுத்தில் ஓர் எலும்பு. அதன்பிறகு
கைகள் அவளைக் கைவிட்டன.
தமிழில் அப்படித்தான் வருகிறது,
நான் என்ன செய்ய.

தோள் மட்டும் மிச்சம்.

குவெனோலா, பிரிட்டனிப் பக்கத்துப் பொறியாளர்,
ஒரு மேல்சட்டையைக் கொண்டுவந்து மாட்டினாள்.
முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு,
கோட்டுப் பொத்தான் பருமனில் சென்சார்கள்.
இரு தோளும் ஏறினால் நாற்காலி முன்னே போகும்.
ஒன்று மட்டும் ஏறினால் அந்தப் பக்கம் திரும்பும்.
"முதலில் சும்மா இருங்கள்,
முப்பது வினாடி. அதுதான் பூஜ்ஜியம்.
அங்கிருந்துதான் மற்றதெல்லாம்."

சும்மா இருப்பது
இவ்வளவு வேலை என்று யார் கண்டது.
எட்டாவது வினாடியில் திரையின் பச்சைப் புள்ளி
ஓடிப்போய் மூலையில் ஒட்டிக்கொண்டது.
"என்ன நினைத்தீர்கள்?"
"ஒன்றுமில்லை. பிரேக்."

மூன்றாம் வாரம், வீட்டில்.
எதிர்க்கதவு ஸைனாபா ரொட்டியோடு வந்து
லிஃப்ட் எப்போது சரியாகுமாம் என்று கேட்டாள்.
நாற்காலி பாய்ந்து மேசையில் முட்டியது.
காபிக் கிண்ணம் மூன்று போச்சு.

அன்றுதான், ஐம்பத்தெட்டு வயதில்,
முதல்முறையாக வாய் திறந்து சொன்னாள்:
தெரியாது.
அந்தச் சொல் விழுந்த கனத்தில்
ஸைனாபா உட்கார்ந்துவிட்டாள்.
டாக்டரைக் கூப்பிடவா என்றாள்.
ஹுகெத் சிரித்தாள். நாற்காலி குலுங்கிக் குலுங்கி
மறுபடி மேசைக்கே போனது.

"சிரிப்பை வடிகட்டி எடுத்துவிடலாம்,
ஒரு வாரம் கொடுங்கள்."
"அழுதால்?"
"அதுவும் சேர்ந்தே போய்விடும்.
அலை கிட்டத்தட்ட ஒன்றுதான்.
எது எதென்று எங்களுக்கே..."
குவெனோலாவின் தோள்கள் ஏறி இறங்கின.
அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி நகரவில்லை.
ஹுகெத் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"இருக்கட்டும். நான்
மேசையைத் தள்ளிப் போட்டுக்கொள்கிறேன்."

பிப்ரவரி. மிஸ்ட்ரால் காற்று
காபிக்கடை நாற்காலிகளைத் தெருவில் உருட்டுகிறது.
ஊரே தோளுக்குள் கழுத்தைப் புதைத்து நடக்கிறது.
சிவப்பு விளக்கின் அடியில் ஒருத்தி மட்டும்
தோளைத் தாழ்த்தி, காற்றை முழுசாக வாங்கிக்கொண்டு,
சும்மா இருக்கிறாள்.

எண்பத்து மூன்று வந்து நிற்கிறது.
புது ஓட்டுநர், இவளை அறியாதவன்,
தனக்குப் பச்சை இருந்தும்
போங்கள் என்று கை காட்டுகிறான்.
பின்னால் நான்கு ஹாரன்.
அவள் அசையவில்லை.
சட்டம் தெரிந்தவள். அதோடு,
அந்தச் சாலையில் யார் எப்போது போகலாம் என்று
ஒரு பையன் அவளுக்குச் சொல்லவேண்டியதில்லை.

அவளுக்குப் பச்சை விழுகிறது.
இனி எல்லோரையும் போல
குளிருக்குத் தோளை ஏற்றிக்கொள்ளலாம்.