போட்டுட்டேன்

"கங்காணி கெடந்தாருங்க.
கவ்வாத்துக் கத்தி கையில இருந்திச்சி.
பாத்ததும் போட்டுட்டேங்க."
கூண்டுக்குள் வீரமலை.

கண்டிக் கோட்டில் துவிபாஷி நான்,
பருத்தித்துறைக்காரன்.
தோட்டத்துத் தமிழுக்குக்
காது கொடுத்தவனில்லை.

கத்தியால் ஒரு போடு போடுவதும் போடுதான்,
கை நழுவக் கீழே போடுவதும் போடுதான்.
எது என்று கேட்டிருக்கலாம்.
மத்தியானச் சாப்பாட்டு நேரம்;
நீதிபதி மணிக்கூட்டைப் பார்த்தார்.
"வெட்டினேன்" என்றேன் இங்கிலீசில்.
ஜூரிமார் ஏழு பேரும் நிமிர்ந்தார்கள்.

தீர்ப்பை மட்டும் பிழையின்றிச் சொன்னேன்.
"உயிர் பிரியும்வரை" என்பதற்கு
எந்த ஊரிலும் இரண்டு அர்த்தமில்லை.
"சரிங்க ஐயா" என்றான்,
லீவு கேட்டுக் கிடைக்காதவன்போல.

அவன் வெட்டினானா?
இன்றைக்கும் எனக்குத் தெரியாது.
தெரியாமல்தான் திரித்தேன்
அந்தக் கயிற்றின் ஒரு புரியை.

நேற்று தலவாக்கலை பஸ் ஸ்டாண்டில்
ஒரு பிள்ளை அழுதது:
"அம்மா, பிஸ்கட்டப் போட்டுட்டேன்."
கொழுந்துக் கறை படிந்த விரல்கள்
குனிந்து எடுத்து,
ஊதி,
திருப்பிக் கொடுத்தன.

என் பஸ் போய்விட்டது.