ஒரே கீற்று

சந்தர்லாந்து, மூன்றாம் எண் நீதிமன்ற அறை. பிப்ரவரி.
ரேடியேட்டர் மேல் யாருடைய கையுறையோ
ஆவி விட்டுக் காய்ந்துகொண்டிருந்தது.

நான் சுருக்கெழுத்துக்காரி.
ஹியர் என்ற சொல்லுக்கு என் பென்சிலில் ஒரே கீற்று,
மெலிந்து, வலப்பக்கம் சற்றே சாய்ந்தது.
காதில் விழுந்தாலும் அதுதான்,
வழக்கை விசாரித்தாலும் அதுதான்.

வாதி ரால்ஃப் தேர்லவே. இருபத்தாறு வருடம்
கப்பல்களின் வயிற்றுக்குள்.
வெளியே ஒருவன் தறையாணியை அடிப்பான்,
உள்ளே இவர் இரும்பை முட்டுக்கொடுத்துத் தாங்குவார்.
'கோயில் மணிக்குள் வாடகைக்கு இருந்த மாதிரி' என்றார்,
தேவைக்கு மேல் சத்தமாக.

கம்பெனி வக்கீல் எழுந்தார்:
'காதில் பஞ்சு வைக்கலாம் என்று
நீங்கள் கேள்விப்பட்டதே இல்லையா?'
கீற்று.
ரால்ஃப் அவர் உதட்டையே பார்த்தார்.
'பஞ்சு இருந்தது. எண்ணெய் துடைக்க.'
பின்னால் யாரோ சிரித்தார்கள்.
சிரிப்பை நான் எழுதுவதில்லை.

முந்நூறு பவுண்டுக்கு முடித்துக்கொள்ளலாமே என்றார்கள்.
எட்னா, அவர் மனைவி, பார்வையாளர் வரிசையிலிருந்து:
'அந்தப் பேச்சே என் காதில் விழக்கூடாது!'
அதற்கும் கீற்று,
முன்னால் ஒரு புள்ளி.

தொலைபேசி பற்றி விசாரணை வந்தது.
'மகள் ஆஸ்திரேலியாவில். ஞாயிறு கூப்பிடுவாள்.
எட்னா பேசுவாள்.
நான் எட்னாவின் முகத்தைப் பார்ப்பேன்.'
'கடைசியாக மகளிடமிருந்து சேதி வந்தது எப்போது?'
கீற்று.
'எனக்கா?
எழுபத்தொன்றில்.'

நீதிபதி ஏதோ கேட்டார். ரால்ஃபுக்குக் கேட்கவில்லை.
மறுபடி கேட்டார்.
ஜன்னலுக்கு அப்பால் ஆற்றில் ஒரு பளுதூக்கி
எதையும் தூக்காமல் திரும்பிக்கொண்டிருந்தது.
'சொல்வது புரிகிறது, மிஸ்டர் தேர்லவே'
என்று நீதிபதி சொன்னபோதும்
பென்சில் அதே இடத்தில்தான் சாய்ந்தது.
தீர்ப்பு பதினாலாம் தேதிக்கு.

இரவு, தட்டச்சு இயந்திரம், ஆறிய டீ.
இருபத்திரண்டு கீற்று எண்ணினேன்.
எல்லாவற்றையும் பிரித்துவிட்டேன், கடைசியைத் தவிர.
எழுந்து போகும்போது அவர் முனகியது.
அவசரத்தில் பக்கத்துச் சின்னச் சொல்லை விட்டிருக்கிறேன்.
'எனக்குக் கேட்கவேயில்லை' என்றாரா,
'என்னை யாரும் கேட்கவேயில்லை' என்றாரா?

டைரக்டரியில் எண் இருக்கிறது.
சுழற்றலாம்.
எட்னா எடுப்பாள்.
அவர் அவள் முகத்தைப் பார்ப்பார்.