கால்பங்கு

புன்தா அரேனாஸில் காற்றுதான் எலும்பை முறிக்கும்.
தெருமுனையில் கட்டிய கயிற்றை எட்டிப் பிடிக்குமுன்
தூக்கி எறியப்பட்டாள் தோமித்திலா கார்கமோ,
வயது எண்பத்தொன்று.
கையிலிருந்த ஈஸ்ட் பொட்டலம் மட்டும் கசங்கவில்லை.

அவள் தொடையெலும்புக்குள் ஆணி இறக்குகிறார் வர்சலோவிச்.
எக்ஸ்ரே கருவியின் வளைந்த கை
மேசையை அணைத்து நிற்கிறது.
பெடல் அவர் காலடியில்.
மிதிக்கிறார், திரை விழிக்கிறது,
மிதித்தபடியே யோசிக்கிறார்.
யோசனைக்கு எதற்கு எக்ஸ்ரே?
கேட்கவில்லை. எண்ணினேன்.
தொண்ணூற்று நான்கு நொடி.

ஈய அங்கி ஏழு கிலோ, அதைப் போட்டுவிடுகிறார்.
கழுத்துப் பட்டை அரிக்கிறதாம்,
கொக்கியில் தொங்குகிறது.
ஈயக் கண்ணாடியில் ஆவி படிகிறதாம்.
கதிரை அளக்கும் வில்லையோ
அவர் மேசை இழுப்பறையில்:
எண் ஏறினால் ஒரு மாதம்
அறுவை அறைப் பக்கம் விடமாட்டார்களே.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை
சந்தியாகோவிலிருந்து அறிக்கை வருகிறது.
இழுப்பறை நலம்.

காணாத ஒளி சுடும் என்பது
இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும்.
வானம் ஓட்டையான வசந்தங்களில்
சிவப்பு எச்சரிக்கை பார்த்துத் தொப்பி மாட்டி
பள்ளிக்கூடம் போனவர்தான் அவரும்.

பிறகு அந்தப் படம் வந்தது.
தோமித்திலாவின் இடுப்பருகே
வேறு யாருடைய விரல்களோ.
நான்கு. கணுக் கணுவாய்.
மோதிர விரலில் கோணலாய்ச் சேர்ந்த
பழைய முறிவு ஒன்று.

"இது என்ன?" என்றார், நிஜமாகவே.
"இடுப்பில் விரல் முளைக்காது, டாக்டர்."

மயக்க மருந்துக்காரி நெலிதா
முகமூடிக்குள் சிரித்தாள்.
அவர் சிரிக்கவில்லை.
கையுறைக்குள் அந்த விரலை
ஒருமுறை மடக்கிப் பார்த்துக்கொண்டார்.

பெடலை என் பக்கம் இழுத்தேன்.
இனி நான் மிதிக்கிறேன்.
கதிர் கிளம்பும் தலையை மேசைக்கடியில் திருப்பினேன்,
சிதறுவதில் பாதியாவது தரைக்குப் போகட்டும்.
"நீங்கள் 'இப்போது' என்றால் போதும்.
சொல்லுமுன் ஓர் எட்டு பின்னால்.
தூரம் இரட்டித்தால் கதிர் கால்பங்கு.
காலை எடுத்தால் கால்."

"இப்போது."
நகரவில்லை அவர். நானும் மிதிக்கவில்லை.
திரை இருட்டாகவே இருந்தது.
ஜன்னலைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது காற்று.
"இப்போது என்றேனே, மரிசா."
"கேட்டது."

ரப்பர் செருப்பு தரையில் கிறீச்சிட்டது.
பின்னால்.
மிதித்தேன், விட்டேன்.

ஆணி இறங்கி முடிந்தபோது
மேற்கொண்டு முப்பத்தொரு நொடி.
வில்லை இன்னும் இழுப்பறையில்தான்.
அது வேறொரு நாள் சண்டை.